அத்தையின் ஆட்டுக்கு ஒரு சட்டி மைதா

எங்கள் வீட்டில் இருந்த செம்மறி காகிதம் தின்றே கொழுத்தது என்று சொன்னால், இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஒருவரும் நம்புவதில்லை. கதை விடாதே என்கிறார்கள். சிவகாசிப் பக்கம் வந்து பாருங்கள் என்பேன். ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை ஏமாற்றிய வருசத்தில் அங்கே புல்லைத் தேடுவதைவிடக் காகிதத்தைத் தேடுவது சுலபம். அச்சாபீசில் வெட்டித் தள்ளிய ஓரத் துண்டுகளை, மை படாத வெள்ளைத் தாளாகப் பார்த்து, அப்பா சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அதோடு காய்ந்த சோளத்தட்டையைக் கொஞ்சம் நறுக்கிப் போட்டால் போதும். ஆடு தின்று முடித்துவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோட ஆரம்பித்துவிடும்.

ஆடு அத்தையுடையது. அத்தை அப்பாவின் தங்கை. காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் ஒரு துணிப்பையும் ஒரு பெட்டை ஆடுமாக லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். அந்த நாலு நாள் முடியவே இல்லை. மாமா ஏன் வந்து கூப்பிடவில்லை என்று நான் கேட்டபோது, அம்மா என்னைப் போய்ப் படிக்கச் சொன்னாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு.

அத்தைக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஆடு ஒன்றுதான். அதுவும் சினை ஆடு. அது குட்டி போடும், குட்டியும் வளர்ந்து குட்டி போடும், அப்படியே பத்து உருப்படி சேர்ந்ததும் தனியாக ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்பது அவள் எண்ணம். அம்மாவோடு உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும்போதெல்லாம் அதைத்தான் பேசுவாள். அம்மாவுக்குக் கை ஓடும் அளவுக்கு வாய் ஓடாது. கேட்டுக்கொண்டே குழாயை உருட்டுவாள். சாப்பாட்டு நேரத்தில் அத்தை பசிக்கவில்லை என்று தள்ளித் தள்ளிப் போவதையும், கடைசியில் சட்டியில் ஒட்டிக்கிடப்பதை வழித்துப் போட்டுக்கொள்வதையும் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்னொரு கரண்டி போட வந்தால், "வேண்டாம் மதினி, வயிறு நெறஞ்சு போச்சு" என்று அத்தை தட்டைக் கையால் மூடிக்கொள்வாள். அம்மா கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவாள்.

ஒருநாள் அத்தை ரேசன் கடைக்குப் போயிருந்தாள். குழாய் ஒட்டப் பசை காய்ச்சுவதற்காக அம்மா மைதாவைச் சட்டியில் கொட்டினாள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள்; அது விஷம். நல்லவேளை, அதை இன்னும் கலக்கவில்லை. வாசலில் ஆடு தாளை மென்றுகொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு உசுரு. தாளத் தின்னுக்கிட்டுக் கெடக்கு, பாவம்."

சொல்லிவிட்டு, சட்டியோடு எழுந்து போய் அதன் முன்னால் வைத்தாள். அடேயப்பா, என்ன வேகம்! தலையைத் தூக்கவே இல்லை. மூக்கு, தாடை எல்லாம் வெள்ளை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். கடையிலிருந்து திரும்பிய அத்தை, ஆட்டின் வெள்ளை மூக்கையும் காலிச் சட்டியையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்தபோது ஆடு எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. சோளத்தட்டையை மூக்கருகில் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தை அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அப்பா செல்லில் கூப்பிட்டதும் மாட்டாஸ்பத்திரி டாக்டர் பைக்கில் வந்து சேர்ந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேற்று என்ன தின்றது என்று கேட்டார்.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"நாந்தான் சார். மைதாச் சட்டிய மூடாமப் போட்டுட்டுக் கடைக்குப் போயிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்று சொல்லப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

டாக்டர் அத்தையை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆட்டு வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றனவாம். தட்டையையும் தாளையும் ஆடு தானாகச் செரிக்காதாம். அந்தக் கூட்டம்தான் முதலில் தின்று கரைத்து அதற்குச் சத்தாக்கிக் கொடுக்குமாம். பழக்கமில்லாமல் ஒரே நாளில் அவ்வளவு மாவு இறங்கியதும், மாவு தின்னும் கூட்டம் கன்னாபின்னாவென்று பெருகி, வயிறெல்லாம் புளித்து, தட்டை தின்னும் கூட்டம் செத்துப்போயிற்றாம். எனக்குப் பட்டாசுக் கம்பெனி வண்டியில் காலையில் வந்து இறங்கும் ஆட்கள்தான் மனசில் வந்தார்கள். அத்தனை பேரும் டிபன் தூக்கோடு ஆட்டு வயிற்றுக்குள் போவதாக நினைத்துக்கொண்டேன்.

ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து முதலில் புகட்டினார். பிறகு நன்றாக இருக்கிற ஆடு ஒன்று வேண்டும் என்றார். அடுத்த வீட்டுக் கிடாயை அப்பா இழுத்துவந்தார். அது சாவகாசமாக அசைபோட ஆரம்பிக்கும்வரை எல்லோரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆரம்பித்ததுதான் தாமதம், டாக்டர் வாய்க்குள் கையை விட்டு, மென்றுகொண்டிருந்த பச்சை உருண்டையைப் பிடுங்கினார். இப்படி நாலைந்து தடவை. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அத்தையின் ஆட்டு வாயில் ஊற்றினார். தட்டை தின்னும் கூட்டம் இதில் உயிரோடு இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் மறுபடி பெருகும் என்றார். டம்ளரில் வாய்வைத்துக் குடித்தாலே எச்சில் என்று கத்தும் எங்கள் அம்மா, தன் கையாலேயே ஆட்டின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

இனி அது அசைபோட்டால்தான் பிழைக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அன்றைக்குக் குழாய் சுற்றவில்லை. அத்தை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் ஆடு. மறுநாள் மத்தியானம் போல ஆட்டின் கழுத்தில் ஏதோ உருண்டு மேலேறியது. தாடை இடமும் வலமுமாக மெள்ள அசைந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆடு பிழைத்ததற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. "விடுங்க மதினி, அதான் அசபோட ஆரம்பிச்சிருச்சுல்ல" என்று அத்தைதான் அவளைத் தேற்றினாள்.

எனக்கோ மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. செய்யாத காரியத்துக்கு அத்தை திட்டு வாங்கியிருக்கிறாள், அம்மா சும்மா இருந்துவிட்டாள். சாயங்காலம் அத்தை தனியாகத் தட்டை நறுக்கும்போது போய், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

அத்தை நறுக்குவதை நிறுத்தினாள்.

"நாந்தான் தட்ட மூடிக்கிறேன்ல. அந்த மாவு ஒங்கம்மா எனக்குப் போட்டது, தாயி" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான். ஆட்டுக்குத்தான் வைத்தாள், அத்தைக்கு ஒரு கரண்டிகூடப் போடவில்லை, அத்தை வீட்டிலேயே இல்லை. அழுத அழுகையில் அத்தைக்குப் புத்தி கொஞ்சம் குழம்பிவிட்டது, பாவம், என்று முடிவு கட்டிக்கொண்டு நான் விளையாடப் போனேன்.