புருஷனைக் கூப்பிடும் போட்டி

இங்கிலாந்தில் இருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர் ஆட்டையும் மாட்டையும் மட்டும் கொண்டுவரவில்லை. தங்கள் ஊர்ப் பைத்தியங்களையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மெல்பேணில் இருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் ஒரு சின்ன ஊர். வருஷத்தில் ஒருநாள் ஊர் முழுக்க விளையாட்டு மைதானத்தில் கூடிவிடும். முழங்கால் உயர றப்பர் சப்பாத்தை எறிகிற போட்டி, தூரத்தில் இருந்து வீசும் பச்சை முட்டையை உடையாமல் ஏந்துகிற போட்டி, குதிரையின் கழுத்து வளையத்துக்குள் தலையை விட்டு ஆகக் கோணல் முகம் காட்டுகிற போட்டி. இதையெல்லாம் பார்க்கவென்றே சனம் தூர இடங்களில் இருந்து வரும். நாங்களும் போனோம், கேரம் டவுன்ஸ் கோயில் சிநேகிதத்தில் நான்கு குடும்பம், ஒரு வான், ஒரு சட்டி புளிச்சாதம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்தேன். என்னோடு நின்று மரக்கறி வெட்டுகிற வெள்ளைக்காரி அந்த ஊரில் பிறந்தவள். கட்டாயம் வா, சிரித்துச் சிரித்து வயிறு நோகும் என்றாள். சிரிப்புத்தான் எனக்கும் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரர் வேலை செய்த தொழிற்சாலையை மூடி ஏழு மாதமாகியிருந்தது. மனுசன் ஜன்னலோரக் கதிரையில் இருந்து ரோட்டைப் பார்த்தபடியே இருப்பார். ஏதும் கேட்டால் ஒரு "ஓம்", இல்லாவிட்டால் ஒரு "ம்". முந்தி கலியாண வீட்டுக்குப் போனால் அவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், அவ்வளவு பகிடிக்காரன். அந்தச் சிரிப்பை ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அதற்காகத்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

கோணல் முகத்துக்கு முதற்பரிசு வாங்கியவர் அந்த ஊர் வங்கி மனேஜர். பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கீழுதட்டால் மூக்கை மூடிக் காட்டினார். நான் புல்லில் குந்திவிட்டேன், சிரிப்புத் தாங்காமல். திரும்பி இவரைப் பார்த்தேன்.

"பாவம், பல்லில்லை" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏழு மாதமாய் செவிடன் காதில் சங்கு ஊதி ஊதி எனக்கே மூச்சு முட்டிப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து என்னோடு மரக்கறி வெட்டுகிற அந்த வெள்ளைக்காரச் சிநேகிதி ஓடி வந்தாள். புருஷனைக் கூப்பிடும் போட்டியில் என் பெயரைக் கொடுத்துவிட்டாளாம், என்னைக் கேளாமலே. போட்டி இதுதான்: புருஷன்மார் மைதானத்தின் மறுகரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பெண்சாதிமார் இந்தக் கரையில் இருந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார்கள். ஆருடைய முறை என்று ஆண்களுக்குத் தெரியாது. தன் பெண்சாதியின் குரலை அறிந்து ஓடி வரவேண்டும்.

"ஏலாது" என்றார் இவர்.

"நிக்கத்தானே சொல்லினம், மலையையே புரட்டச் சொல்லினம்? போங்கோ" என்று பிடித்துத் தள்ளினேன். துணைக்கு எங்கள் வானில் வந்த மற்ற மூன்று ஆண்களும் போய், வேலியோரம் சிப்ஸ் தின்றபடி நின்றார்கள்.

எனக்கு முன் கூப்பிட்ட பண்ணைக்காரி "ஜோ"வோ "ஜோன்"னோ என்று ஒரு குரல் வைத்தாள், பக்கத்துப் பட்டியில் நின்ற மாடு பதில் சொன்னது. புருஷன் பறந்து வந்தான். அடுத்தது நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, நான் என்னவென்று கூப்பிடுவது?

கலியாணம் கட்டிப் பதினாறு வருஷம், அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். மகளின் பள்ளிக்கூடப் படிவங்களில் எழுதுவேன். டொக்டரிடம் போனாலும் துண்டில் எழுதித்தான் நீட்டுவேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே அடிவயிற்றில் இருந்து கத்தினேன்.

"இஞ்சாருங்கோ...!"

ஓடி வந்தார்கள். மூன்று பேர்! வேலியோரம் நின்ற மூன்று தமிழ்ப் புருஷன்மாரும், சிப்ஸ் சிதறச் சிதற, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இதில் உன்னுடையவர் எவர் என்று நடுவர் கேட்டார். வீட்டில் புருஷனை இதே "இஞ்சாருங்கோ"வால் கூப்பிடுகிற அந்த மூன்று பெண்சாதிமாரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் சிரிக்கவில்லை. என்னுடையவர் அங்கேயே நின்றார், கல்லுப்பிள்ளையார் மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு. எவளெவளோ புருஷனுக்கெல்லாம் கேட்ட என் குரல் இவருக்குக் கேட்கவில்லை. அந்தக் கூனிய தோளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது. ஆயுள் குறைந்தால் குறையட்டும், இப்படி ஒரு ஆயுள் இருந்தென்ன!

பெயரைச் சொன்னேன். முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, மைதானம் அதிர. எங்கள் பெண்கள் "ஐயோ அக்கா!" என்று வாயைப் பொத்தினார்கள்.

மனுசன் துள்ளித் திரும்பினார். பிறகு ஓடி வந்தார். ஒரு கால் செருப்புப் புல்லில் கழன்று கிடந்தது, அதையும் எடுக்காமல் ஓடி வந்தார். என் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"ஆர் உமக்கு என்ர பேரைச் சொல்லித் தந்தது?" என்றார்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, பழைய பகிடிக்காரன். நானும் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது, இரண்டும்தான். முதற்பரிசு பண்ணைக்காரிக்குப் போனது. ஒரே கூப்பிடலில் அதிகம் புருஷன்மாரை வரவழைத்ததற்கு எனக்கொரு விசேஷப் பரிசாக ஒரு போத்தல் பிளம்ஸ் ஜாம் தந்தார்கள்.

வானில் திரும்பும்போது மெல்லக் கேட்டேன், "முதல் கூப்பிட்டது கேக்கேல்லையே?"

"கேட்டது" என்றார். "ஆரோ ஆரையோ கூப்பிடுகினம் எண்டு நினைச்சன். என்னை இனி ஆர் கூப்பிடப் போகினம்?"

ஜாம் போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தநாள் காலை தேத்தண்ணி போட்டுவிட்டுக் குசினியில் இருந்து வழமை போல "இஞ்சாருங்கோ" என்றேன். சத்தமில்லை. இன்னொருதரம் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரக் கதிரையில் இருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு.

"கேக்கேல்லையே?"

"கேக்குது" என்றார், திரும்பாமலே. "நேற்றுக் கூப்பிட்ட மாதிரிக் கூப்பிடும்."

பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவிக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் குசினி ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டு, மெல்லமாக, அந்தப் பெயரைச் சொன்னேன்.

எழும்பி வந்தார்.