எழுத்தில் கேட்ட நாவிதர்

உஸ்தா ஹிக்மத்தை நான் மூன்று வருடம் சந்தேகப்பட்டேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

ஸரஃப்ஷான் ஆற்றங்கரையில் எங்கள் சங்கோப் ஊர்ச் சந்தை வாசலில், ஒற்றை நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. குழந்தையின் முதல் முடியை எடுப்பது, பையன்களுக்குச் சுன்னத் செய்வது, மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது எல்லாம் அவர்தான்; அதனால்தான் உஸ்தா, அதாவது கைதேர்ந்த ஆசான். வீட்டில் சாவு விழுந்தால் ஆண்கள் நாற்பது நாள் முகத்தில் கத்தி பட விடமாட்டார்கள். நாற்பதாம் நாள் உஸ்தா அந்த வீட்டுக்குப் போய், உறவினர் சுற்றி நிற்க, துக்கத் தாடியை எடுப்பார். அத்தோடு துக்கம் முடிந்தது. இதனால் செத்தவருக்கு என்ன லாபம் என்று அவரிடமே வாதாடியிருக்கிறேன்.

"செத்தவருக்கு யாரு செய்யறா, அகா? உசிரோட இருக்கிறவன் மறுபடி கண்ணாடி பாக்க வேணாமா?" என்பார். அகா என்றால் அண்ணன்.

இளைஞர்களின் தாடி நாட்டுக்கு ஆபத்து என்று ஒரு நாள் அரசாங்கத்துக்குத் தோன்றிவிட்டது. வியாழன்தோறும் காவல் நிலைய வண்டி உஸ்தாவைக் கூட்டிப் போகும். பிடித்து வைத்தவர்களை மழித்துவிட்டு, வாய் திறக்காமல் திரும்பி வருவார். பிடிபட்டவர்கள் எல்லோரும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். யார் எவ்வளவு தாடி விடுகிறான் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? நான் அந்த நாற்காலியில் மழையைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தேன். ஊரே மழையைப் பற்றித்தான் பேசியது.

மூன்றாவது வருடக் கோடையில் முலாம்பழம் விற்கும் ஷோதியின் தகப்பனார் இறந்தார். இருபத்து மூன்றாம் நாள் ஷோதியைப் பழக் குவியல் பக்கத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மதியம் உஸ்தா முதல்முறையாக என் வீட்டுக்கு வந்தார். நான் நீதிமன்றத்தில் இருபது வருடம் எழுத்தராக இருந்தவன். அவர் கண் என் சட்டப் புத்தக அலமாரி மேல் இருந்தது.

"தாடி வைக்கக் கூடாதுன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு, அகா?"

"எதுலயும் இல்ல."

"நல்லாப் பாருங்க."

"என்னத்தப் பாக்க? மத விசயத்துல அரசு தலையிடாதுன்னு மொதல்லயே போட்டிருக்கான்."

"அப்ப இத்தனை பேரை நான் எதை வெச்சு மழிச்சேன்?"

"வாய்ச்சொல்லை வெச்சு."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "வண்டி வெளிய நிக்குது. ஷோதியை மழிச்சா, அவங்கப்பன் துக்கத்தைப் பாதியில அறுத்தவன் நான்தான். அப்புறம் எந்த வீடும் என்னைக் கூப்பிடாது. மழிக்கலைன்னா கடை போயிடும்" என்றார்.

நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். பாதி அவரைக் கண்காணிக்கத்தான்.

நிலையத்தில் கேப்டன் பாரோத்தும் எங்கள் பள்ளிவாசல் இமாம் நஜீபும் பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே கஜானாவிலிருந்து சம்பளம். இமாமின் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தலைநகரிலிருந்து முத்திரையோடு வரும், அவர் வாசிப்பார். மூலையில் ஷோதி உட்கார்ந்திருந்தான்.

"மார்க்கத்துல துக்கம் மூணு நாள்தான். இந்த நாப்பது நாள் தாடியெல்லாம் மூடப்பழக்கம்" என்றார் இமாம்.

நான் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த சொல் அது. அன்று அந்த வாயில் கேட்டபோது, என் சொல்லே கூலிக்குப் போயிருப்பது போலக் கூசியது.

உஸ்தா மெதுவாகக் கேட்டார்: "அப்ப இது மார்க்கத் தாடி இல்லன்னு நீங்களே சொல்றீங்க, இமாம். பின்ன எதுக்கு இவனைப் பிடிச்சாங்க?"

கேப்டன் கிண்ணத்தை வைத்தார். "நீ எப்பய்யா வக்கீல் ஆன? கத்தியை எடு."

"எடுக்கறேன் தலைவரே. 'ஷோதியோட துக்கத் தாடியை எடு'ன்னு ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே எடுக்கறேன்."

கேப்டன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். "இதெல்லாம் எழுதற விசயமா?"

"செய்யலாம், எழுதக் கூடாதா?"

கேப்டனே மின்சார மெஷினை எடுத்து, ஷோதியின் கன்னம் கீற மழித்தார். அதற்காக அவர் எழுந்தபோது மேஜை மேல் இருந்த பட்டியல் என் கண்ணில் பட்டது. எழுத்தருக்குத் தலைகீழாகப் படிப்பது பழக்கம். பிடிபட்டவர்களின் பெயர்கள். என் மருமகளின் நிக்காஹ் தாளில் நான் பார்த்த அதே கையெழுத்து. தனக்குப் பின்னால் தொழுதவர்களை இமாமே எண்ணி எழுதியிருந்தார்.

திரும்பும் வழியில் பட்டியலைப் பற்றி உஸ்தாவிடம் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டேன்: "மன்னிச்சிருங்க உஸ்தா. நீங்கதான் பேர் குடுக்கறீங்கன்னு நெனச்சிருந்தேன்."

அவர் நின்று சிரித்தார். "நான் நீங்கதான்னு நெனச்சேன், அகா! ஊர்ல பேனாவும் கையுமா இருக்கிறவரு, கடவுள் இல்லேங்கறவரு. வேற யாரைச் சந்தேகப்பட?"

மூன்று வருடம் இரண்டு பேரும் ஒரே அறையில் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இப்படிப்பட்ட ஆட்சிக்கு ஒற்றர்கள் அதிகம் தேவையில்லை.

அதற்கு நான்காம் நாள் உஸ்தாவின் கடைக்குச் சீல் வைத்தார்கள். கை கழுவும் தொட்டி விதிப்படி இல்லையாம். பிரிவு எண், தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. உஸ்தா அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். "பாருங்க, இதுக்கு மட்டும் எழுத்து இருக்கு."

ஷோதி வீட்டுத் துக்கத்தின் நாற்பதாம் நாள் காலை அவர் தன் வீட்டில் கத்திப் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். நானும் போயிருந்தேன். எட்டு மணி வரை யாரும் வரவில்லை. பிறகு ஷோதியே வந்தான், கன்னத்தில் தழும்போடு. "வாங்க உஸ்தா. எல்லாரும் காத்திருக்காங்க."

பதினேழு நாள் தாடிதான். நாற்பது நாள் தாடிக்கு உரிய நிதானத்தோடு எடுத்தார். உறவினர்கள் கைகளை ஏந்தி நின்றார்கள். அவர்கள் நடுவே இமாம் நஜீபும் நின்றார். அவரை அழைக்காமல் இருக்க யாருக்குத் துணிச்சல்? அவர் கண்கள் ஒவ்வொரு முகவாயாகப் போய் வந்தன. உதடுகள் அசைந்தன. துஆ ஓதிப் பிரார்த்திக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

உஸ்தா ஷோதியின் முகத்தைத் துடைத்துவிட்டுத் துணியை உதறினார். "அடுத்து உங்களுக்கா, இமாம்? உக்காருங்க. உங்க தாடியும் கொஞ்சம் நீளந்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோரும் விலகி, நாற்காலிக்கு வழி விட்டார்கள். இமாம் உதடுகளை அசைப்பதை நிறுத்தினார்.