வேர் பிடித்த குற்றம்

ரங்கூனில் ஒரு வீட்டு வாசலில் செடியைப் பார்த்தால், இது என்ன செடி என்று கேட்பார்கள். இந்தத் தேனிப் பக்கத்தில் அப்படிக் கேட்க மாட்டார்கள். யார் நட்டது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கத்தரிச் செடிக்கும் கோத்திரம் பார்க்கிறார்களே என்று சிரித்தேன். சிரித்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பர்மாவிலிருந்து நடந்து வந்து, இன்னும் ஏதோ ஒரு சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டியிருப்பவர்களுக்கும், அங்கேயே தங்கிவிட்டு ஊருக்குப் போனவர்கள் பாக்கியசாலிகள் என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சொந்த ஊர் என்று ஒன்று இருந்தால், தயவுசெய்து அங்கே எதையும் நட்டுவிடாதீர்கள்.

நான் பிறந்தது ரங்கூனில். அப்பா வீரபாண்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர், இளவயதிலேயே கப்பலேறி அரிசி ஆலையில் மேஸ்திரியானவர். எங்களுக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை. அம்மா மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி, மண் நிரப்பி, ஜன்னலோரம் அடுக்கி வைத்திருப்பாள். வெங்காயத்தை அரிந்தால் வேரோடு மிஞ்சும் அடித்துண்டு, முள்ளங்கியின் தலை, புதினாக் காம்பு, கீரை ஆய்ந்த தண்டு எல்லாம் குப்பைக்குப் போகாமல் தகரத்துக்குப் போகும். சில நாளில் பச்சையாகத் தலை நீட்டும். எதிர் அறைப் பர்மியப் பெண் மா சேன், தான் ஆய்ந்த கஸூன் என்னும் நீர்க்கீரைத் தண்டுகளையும் கொண்டுவந்து கொடுத்து, "கலாமா, கலாமா" என்று கூப்பிடுவாள். கலா என்றால் அந்நிய நாட்டார், இந்தியர். அம்மாவுக்கு அது தெரியாது. தன் பெயரை அவள் தவறாக விளங்கிக்கொண்டாள் என்று நினைத்து, "கலா இல்லை, பாக்கியம்" என்று கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்தாள். பிறகு ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. ஊரோடு நாங்களும் நடந்தோம். வழியில் அப்பாவைக் காலரா கொண்டுபோனது. குழி வெட்டக்கூடத் தெம்பில்லாமல் இலைதழையைப் போட்டு மூடிவிட்டு வந்தோம்.

அப்பாவின் அண்ணன் வீட்டில் மாட்டுக்கொட்டத்தை ஒட்டி எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். பெரியம்மா இரண்டு வேளை கஞ்சி ஊற்றினாள், ஊற்றியதைத் தெருவுக்கெல்லாம் சொன்னாள். அம்மாவுக்குக் கால் வீங்கி, பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போனது. மாலைக்கண், தினமும் கீரை கொடுத்தால் பார்வை தங்கும், இல்லாவிட்டால் மொத்தமாகப் போய்விடும் என்றார் வைத்தியர். பெரியம்மாவிடம் கீரை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் சமையல்கட்டிலிருந்து வீசும் பொன்னாங்கண்ணித் தண்டையும் முள்ளங்கித் தலையையும் பொறுக்கி, கிணற்றடியில் கழுநீர் ஓடும் ஈரத்தில் ஊன்றினேன். ரங்கூன் மகாராணி குப்பை பொறுக்குகிறாள் என்று பெரியம்மா ஊரைக் கூட்டிச் சிரித்தாள். சிரிக்கட்டுமே, எனக்கென்ன! அம்மாவின் கண்தான் எனக்குப் பெரிது.

தண்டுகள் துளிர்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த பெரியம்மாவிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்: "பெரியம்மா, நல்லா வேர் பிடிச்சிருச்சு. இனிமே பிடுங்கினாலும் போகாது." கீரையைத்தான் சொன்னேன். அவள் முகம் அப்படியே இறுகிப் போனது. அந்த வீடும் கிணறும் தாத்தா காலத்துச் சொத்து, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கவே இல்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒருவர் நட்டு, அது வேர் பிடித்து, வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டால், நட்டவருக்கு அந்த இடத்தில் பாத்தியதை வந்துவிடும் என்பது இங்கே உள்ள பேச்சு. மறுநாள் உலையை இறக்கி, கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியை அப்படியே கொண்டுவந்து என் பாத்தியில் ஊற்றினாள். துளிரெல்லாம் வெந்து மண்ணோடு படுத்தது. "வேர் விட்டவுக நாளைக்குப் பாகம் கேப்பாக" என்று எனக்கு மரியாதை போட்டே பேசினாள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைக்கே துரத்தியிருப்பாள். ஆனால் அது சித்திரைத் திருவிழாக் காலம், வீரபாண்டி அம்மன் கோயிலில் கம்பம் நட்டாகிவிட்டது. கம்பம் நிற்கும்போது வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பினால் ஆகாது என்று அவள் பயந்தாள். அந்தக் கம்பம் மூன்று கவராகப் பிரியும்படி வெட்டிய மரக்கிளை. அதற்கு வேர் கிடையாது, ஒருநாளும் துளிர்க்காது. அதற்குத்தான் பெரியம்மா வெறுங்காலோடு முல்லையாற்றுத் தண்ணீரைச் சுமந்து போய் ஊற்றிக்கொண்டிருந்தாள். உயிருள்ளதற்குக் கொதிகஞ்சி, செத்த மரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். சாமி குற்றமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நான் சொல்லத்தான் செய்வேன்.

அவள் அம்மாவையும் கூட்டிப்போய்க் கம்பத்துக்கு முன் நிறுத்தினாள். எங்களுக்கு இங்கே பாத்தியதை இல்லை என்று சத்தியம் செய்தால் கண் தேறும்வரை இருக்கலாம், கீரையும் தானே கடைந்து தருவதாகச் சொன்னாள். அம்மா செம்புத் தண்ணீரைக் கம்பத்தில் ஊற்றி, "எனக்கும் எம்மகளுக்கும் இந்த ஊர்ல வேரும் இல்ல, உறவும் இல்ல தாயே" என்றாள். உறவும் இல்லை என்று சொல்லச் சொன்னது பெரியம்மா. கூட வந்திருந்த பெரியப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். திருவிழா முடிந்து கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்டார்கள். மறுநாள் காலையில் எங்களுக்கு வண்டி பூட்டியிருந்தது. கீரை என்னவாயிற்று என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "உறவில்லன்னு அம்மன்கிட்டச் சொன்னது நாங்களா ஆத்தா?" என்றாள்.

தேனியில் பருத்தி அரைக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை அறை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வெங்காய அடியை ஊன்றி அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். தடவிப் பார்த்தவள், வேர் கையில் பட்டதும் தூக்கி வெளியே எறிந்தாள். சத்தியம் அந்த ஊருக்குத்தானே, இங்கே நட்டால் என்ன என்று கத்தினேன். அம்மனுக்கு ஊர் எல்லை எதற்கு என்றாள். வாங்கிவந்த கீரையை மட்டும் தின்றாள், அதுவும் கிடைத்த நாளில். கார்த்திகைக்குள் பகலிலும் பார்வை போய்விட்டது. அக்கம்பக்கத்தில் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், காது கேளாதவள் போல உட்கார்ந்திருப்பாள்.

தை மாதம் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். பக்கத்து அறைக்காரர் புதிதாக ஏலமலையிலிருந்து இறங்கியவர், எழுத்து வாசனை இல்லாத நல்ல மனிதர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, "கேதஞ் சொல்ல எந்த ஊருக்குத்தா போகணும்?" என்று கேட்டார். என் கை தெற்கே, வீரபாண்டிப் பக்கம், தானாக உயர்ந்தது. சாவுச் சேதி சொன்னால் பெரியம்மா வருவாள். மாரடித்து அழுவாள், அழுகையில் ஒரு குறையும் வைக்க மாட்டாள். கண் போகிறது என்று தெரிந்தும் அம்மா மீறாத சத்தியத்தை அவள் செத்த பிறகு நான் மீறுவதா? கையைக் கீழே போட்டேன்.

"ரங்கூன்" என்றேன்.

"அது எங்கன இருக்கு? நடந்தே போயிரலாமா?"

"நடந்துதான் வந்தோம்."

அவர் சரி என்று துண்டை இறுக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கி நின்று, எந்தப் பக்கம் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.