ஆளில்லாத வீடுகளில் காய்ந்த துணி

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், நகரின் நடுவே ஒரு பழைய தெருவில் லாண்டரி வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் புறநகருக்குக் கிளம்பினார்கள். போகிறபோது சாவியை அத்தானிடம் நீட்டி, "ஒரு கண்ணு வச்சுக்கோங்க" என்பார்கள். அவருக்கு இருப்பதே இரண்டு கண். அதில் ஒன்று எப்போதும் இஸ்திரிப் பெட்டி மேலேயே இருக்கும்.

அப்போதுதான் நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து சேதி வந்தது. பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் தெருக்களை இடித்து, கார் நிறுத்துமிடம் ஆக்கப் போகிறார்களாம். கணக்கெடுப்பவர் படியேற மாட்டார். கீழே நடந்துகொண்டே, மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்.

"துணிதானே? நம்மகிட்ட மலையா கிடக்கு" என்றார் அத்தான்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்கிற ஆளா அவர்? கணக்கெடுப்பு அன்று காலை நானும் அவரும் பூட்டிய வீடுகளைத் திறந்து, வாடிக்கையாளர் துணிகளைக் காயப்போட்டோம். அத்தானுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. ஒரு வீட்டுக்குக் கைக்குழந்தைத் துணி, ஒரு வீட்டுக்குப் பள்ளிச் சீருடை.

"இந்த வீட்ல மாமியாரும் மருமகளும் பேசிக்கிறதில்ல. தள்ளித் தள்ளிப் போடு."

கணக்கெடுப்பவர் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து போனார். அத்தான் வாசலில் பச்சைப்பிள்ளை மாதிரி நின்றார்.

முடிவு வந்தது. தெரு காலியாக இல்லையாம். அளவுக்கு மீறி நெரிசலாம். இத்தனை குடும்பங்களை இந்தப் பழைய சுவர்கள் தாங்காதாம். எல்லோருக்கும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு. தெரு இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம்.

அத்தான் அலுவலகத்துக்கு ஓடினார். "அத்தனையும் என் கடைத் துணி சார். அங்க ஆளே கிடையாது."

அதிகாரிக்கு மனம் இளகிவிட்டது. "வீட்டை விட மனசு வராதவங்க எல்லாரும் இப்படித்தான் எதையாவது சொல்றாங்க. கவலைப்படாதீங்க. உங்க தெருக்காரங்க ஒருத்தரையும் பிரிக்கல. எல்லாருக்கும் ஒரே கட்டடம்."

அந்தக் கட்டடத்தில் இப்போது அக்காவும் அத்தானும் மட்டும் இருக்கிறார்கள். தெருவில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேரும் பிள்ளைகள் வீட்டோடு போய்விட்டார்கள். வாங்கிக்கொள்ள ஆள் வராத வீட்டுச் சாவிகளைக் காவலாளி அத்தானிடமே கொடுத்துவிட்டார். லாண்டரி வைக்கலாம் என்றால் துணி போட யார் இருக்கிறார்கள்?

போன வாரம் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பால்கனியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"பரவாயில்லையே அத்தான், பக்கத்துல ஆள் வந்தாச்சா?"

அக்காதான் சொன்னாள்: "அது இவரு சட்டைடா. யாரோ இருக்கிற மாதிரி இருக்காம்."

சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. கிளம்ப எழுந்தபோது அத்தான் என் தோளைத் தொட்டார்.

"சட்டை அழுக்கா இருக்கு. கழட்டிக் குடுத்துட்டு என்னோடத போட்டுட்டுப் போ, மாப்ள. மேல் வீடு காலியா கிடக்கு."