இருபதாவது முடிச்சு

கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு மயக்கம் வரும். தலைசுற்றல் இல்லை. தூங்கி எழுந்த பிறகும் கனவின் ஓரம் கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. அடியில் வட்டமாக ஒரு துண்டு வானம் கிடக்கும். கயிற்றை மெல்ல விடுவாள். நுனியில் குப்புறக் கட்டிய இரும்புக் கிண்ணம் ஆடி ஆடி இறங்கும். தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று ஒரு சத்தம், யாரோ உறக்கத்தில் உதட்டைப் பிரித்தது போல. அந்த நொடியில் சுவர் விளிம்பில் எந்தச் சிவப்பு முடிச்சு நிற்கிறதோ, அதுதான் தண்ணீர் நிற்கும் ஆழம். ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே ஒரு கோல் நீளம்.

ஊரில் பன்னிரண்டு கிணறுகள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை காலையில், மோட்டார்கள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பன்னிரண்டையும் சுற்றி வருவாள். பதினெட்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஊர் அவளைக் கயிற்றுக்காரி என்றே அழைத்தது. அவளுக்கும் அது பிடித்துப்போயிருந்தது. கிணறுகளோடு பேசுவாள் என்றும் சொல்வார்கள். பொய்யில்லை. பள்ளிக்கூடத்துக் கிணறு வாயாடி. ஒன்று சொன்னால் மூன்று சொல்லும். சரிவில் இருப்பது உம்மணாமூஞ்சி, சத்தமே திருப்பித் தராது. நடுக்கிணறு மட்டும் பெரிய மனுஷி. அதனிடம் இவள் அளந்துதான் பேசுவாள்.

முன்பு ஒரு கோடையில் பன்னிரண்டும் ஒரே மாதத்தில் வறண்டு போயின. அவரவர் இஷ்டத்துக்கு ஆழம் தோண்டி, இஷ்டத்துக்கு இறைத்து, கடைசியில் அடியில் இருந்த சேற்றையும் உறிஞ்சியாயிற்று. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திரும்பி வந்தவர்கள் கூடித் தண்ணீர்ச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஒரே ஒரு விதியை எழுதி வைத்தார்கள். மழை முடிந்ததும் நடுக்கிணற்றை அளக்க வேண்டும். தண்ணீர் இருபது முடிச்சுக்குள் நின்றால் நெல் போடலாம். அதற்குக் கீழே போயிருந்தால் யாரும் நெல் போடக்கூடாது, சோளமும் பயறும்தான். காவலும் கிடையாது, அபராதமும் கிடையாது. கயிறு சொன்னால் சொன்னதுதான்.

"யாருக்கு நிலமில்லையோ, அவங்க அளக்கட்டும்" என்றார் சங்கத் தலைவர். "பொய் சொல்ல அவங்களுக்கு என்ன இருக்கு?"

ஊரிலேயே ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாதவள் அவள்தான். ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கும் ஒரு மரியாதை உண்டென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அழுதுவிட்டாள்.

அவளுக்கு இருந்ததெல்லாம் அக்காவும் அக்கா வீட்டுப் பக்கவாட்டு அறையும். அம்மா போனபோது இவளுக்கு ஏழு வயது. தங்கையையும் கூட்டி வருவேன் என்று சொல்லித்தான் அக்கா கல்யாணத்துக்கே சம்மதித்தாள். "பொண்ணு பார்க்க வந்தேன், கூடவே ஒரு வாலும் வந்துடுச்சு" என்று அத்தான் சிரித்தார். இன்றுவரைக்கும் அவருக்கு இவள் 'வாலு'தான். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து, வந்த வழியே போய்விட்டது. இவளும் வருத்தப்படவில்லை. கிணற்றடியில் கிடைக்கிற அந்த அமைதியை எந்த மாப்பிள்ளை தருவான்?

அந்த வருஷம் பழைய கயிறு நைந்து பிரிந்தது. சங்கத்துக்கு முன்பே ஊரில் கிணறு வெட்டியவர் விட்டுப்போன கயிறு அது; முடிச்சுகள்கூட அவர் போட்டவைதான். சங்கம் புதிதாகப் பருத்திக் கயிறு வாங்கித் தந்தது. வெள்ளை வெளேரென்று, கன்றுக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. மழைக்கு முன்னால் ஒரு மதியம் முழுக்கச் சங்கத்து அறையில் உட்கார்ந்து, கோலை வைத்து வைத்து அளந்து, சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டாள். குழந்தைக்குச் சட்டை தைக்கிறவளைப் போல அவ்வளவு ஆசையாகப் போட்டாள். பிறகு மழை வந்தது. ஒன்றரை மாதம் அவள் தோளில் கிடந்து கயிறும் அவளோடு நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது.

மழை ஓய்ந்து நடுக்கிணற்றை அளக்கிற நாளில் ஊரே சுற்றி நின்றது. 'டொப்' என்றது கிண்ணம். அவள் விளிம்பைப் பார்த்தாள். இருபத்தொன்று.

"கை நடுங்குதா உனக்கு?" என்றார் மோட்டார்காரர். ஊரிலேயே பெரிய மோட்டாரும் பெரிய குரலும் அவருக்குத்தான். "நல்லாப் பாரு."

மூன்று முறை விட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் இருபத்தொன்றுதான். கூட்டம் கலைந்தது. அத்தான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்குப் பின்னால் அவர் விட்டிருந்த நாற்று, பச்சைப் பாய் விரித்த மாதிரி காற்றில் அசைந்துகொண்டிருந்தது. "சரி. கயிறு சொல்லிடுச்சு" என்றார். அன்று சாயங்காலம் நாற்றைப் பறித்து மாட்டுக்குப் போட்டார்.

சோளம் வீட்டுக்குப் போதாது. ஒரு வாரத்தில் அத்தான் தூரத்துச் செங்கல் சூளைக்குக் கிளம்பினார். ஏற்கெனவே இருமல் உள்ள மனுஷன். பஸ் படியில் நின்றுகொண்டு, "வாலு, அக்காவைப் பார்த்துக்க. சண்டை போட்டீங்கன்னா அன்னைக்கே முடிச்சுக்கங்க, மிச்சம் வைக்காதீங்க" என்றார். பஸ் போன பிறகும் புழுதிக்குள் அந்த இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது போலிருந்தது அவளுக்கு.

மூன்று வாரம் கழித்துக் கயிற்றைக் கழுவிச் சங்கத்துக் கொட்டகையில் காயப் போட்டாள். இரண்டு தூண்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் போடுவது வழக்கம். கயிறு புதிதாக வந்த நாளில் கடைசிச் சுற்றும் முடிந்து நுனி தரையில் சுருண்டு கிடந்தது. இப்போது கடைசிச் சுற்றே பாதியில் நின்றது.

மூலையில் சாத்தியிருந்த கோலை எடுத்து இரண்டு முடிச்சுக்கு நடுவே வைத்தாள். கோல் நான்கு விரல்கடை நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த முடிச்சு, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். பழைய கயிறு எத்தனையோ மழையைக் குடித்து, சுருங்குவதற்கு இனி ஒன்றுமில்லாத கயிறு. புதியதை நனைத்துக் காயவைத்த பிறகு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். அவள் நனைக்காத கயிற்றிலேயே போட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். தண்ணீர் நின்றது இருபத்தொன்றில் இல்லை. பத்தொன்பதரையில்.

ஊர் நெல் போட்டிருக்கலாம். அத்தான் வீட்டில் இருந்திருக்கலாம். நடவுப் பருவமோ தாண்டிவிட்டது.

யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைக் கொன்றது. சொன்னால் யாருக்கு என்ன திரும்பக் கிடைக்கப் போகிறது? சொன்னால் கயிறு கையை விட்டுப் போகும், அக்காவும் போவாள். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவளிடம் என்னதான் மிச்சம்? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மதியம் கண் அசந்தபோது ஒரு கனவு. பன்னிரண்டு கிணறுகளும் வரிசையாக அவள் அறைக்குள் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் கயிற்றை விட்டாள். எதிலும் 'டொப்' கேட்கவில்லை. அடியிலிருந்து அத்தானின் இருமல்தான் கேட்டது.

எழுந்து உட்கார்ந்தாள். இன்னும் நான்கு நாளில் மறுபடி அளக்க வேண்டும். இதுவரை நடந்தது தப்பு. இனிமேல் இந்தக் கயிற்றால் அளந்து சொன்னால் அது பொய்.

அக்கா ஜன்னலோரம் அத்தானின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கயிறு சுருங்கிடுச்சு."

"எது, துணி காயப் போடறதா?"

"அளக்கற கயிறு. நனைக்காம முடிச்சுப் போட்டுட்டேன். தண்ணி பத்தொன்பதரையிலதான் இருந்திருக்கு."

ஊசி பாதியில் நின்றது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெயிலில் சோளப் பயிர் ஒன்றுமே அறியாத மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டி என்கிட்ட சொன்னே?" என்றாள். "இத்தனை நாளா மழையைத் திட்டிட்டு இருந்தேன். அது பாட்டுக்கு இருந்துச்சு. இப்போ நான் யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டு."

"ஏழு வயசுலேருந்து திட்டிட்டுத்தானே இருக்கேன். எனக்கு அலுத்துப்போச்சு."

அக்கா சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள். மணி போனதும் தங்கையின் கையில் திணித்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை மறுமுனையில் சூளையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அப்போ நெல்லு போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்கலாம் அத்தான்."

"இங்க எல்லாரும் கேட்கறாங்க, உங்க ஊர்ல மழையே இல்லையான்னு. இனிமே என்ன சொல்ல? மழை இருந்துச்சு, கயிறுதான் பத்தலைன்னு சொல்லவா?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "வேற யார்கிட்ட சொன்னே?"

"அக்காகிட்ட. இப்போ உங்ககிட்ட."

"அப்போ பாதிகூடச் சொல்லலை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, அவள் தலைவரிடம் கேட்டுக்கொண்டபடி, சங்கத்து அறையில் ஊர் கூடியது. அவள் கயிற்றை நடுவில் நீளமாகப் போட்டு, பக்கத்தில் கோலையும் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே யாரோ தூரத்தில் பேசுவது போல் கேட்டது.

மோட்டார்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து முடிச்சு முடிச்சாக அளந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பதினெட்டு வருஷமா இந்தக் கயித்துக்குப் பயந்து என் மோட்டாருக்குத் துரு பிடிச்சுப்போச்சு. கயித்துக்கே ஒழுக்கமில்லைன்னா எனக்கு மட்டும் என்ன? நாளையிலேருந்து நான் என் இஷ்டத்துக்கு இறைப்பேன்."

"என் ரெண்டு மகன்களும் ஊரை விட்டுப் போயிட்டாங்களே" என்று ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யார் யாரோ பேசினார்கள். பூட்டிக் கிடந்த அந்தப் பழைய வீடுகள் மறுபடி வரிசையாகக் கண்முன் வருவது போலிருந்தது அவளுக்கு.

"கயித்தை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க" என்றாள். "நான் கேட்க மாட்டேன். ஆனா அளக்கறதை மட்டும் விட்டுடாதீங்க."

கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள். இத்தனை வருஷத்தில் சங்கத்தில் வாய் திறந்து அறியாதவள்.

"உங்க தங்கச்சிக்காகப் பேசப் போறீங்களா?" என்றார் மோட்டார்காரர்.

"அவளுக்காகப் பேச எனக்கு என்ன தலையெழுத்தா? என் வீட்டுக்காரர் இவளாலதான் அங்க செங்கல் சுமக்கறார். இவ வாயை மூடிட்டு இருந்திருந்தா நம்ம யாருக்காவது தெரிஞ்சிருக்குமா? உங்க மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு நீங்க என்னைக்காவது தானா வந்து சொல்லியிருக்கீங்களா?"

எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பி, அடக்கப்பட்டு, மூக்கு வழியே வெளியே வந்தது. தலைவர் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கயிறு அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "கூட நான் போறேன். முடிச்சை நான் எண்றேன். என் வயித்தெரிச்சல் அடங்கற வரைக்கும் ஒரு முடிச்சுகூடத் தப்பாது."

"நானும் கோலை எடுத்துட்டு வருவேன்" என்றார் மோட்டார்காரர், விட்டுக்கொடுக்காமல்.

"வாங்க. கிணத்துக்குள்ள விழாம நின்னா சரி."

தலைவர் கேட்டார், யாருக்காவது மறுப்பு இருக்கிறதா என்று. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்த பெண் எழுந்து போனாள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் தீர்ப்பு.

மூன்று நாள் கயிறு தொட்டியில் ஊறியது, வெயிலில் காய்ந்தது, மறுபடி ஊறியது. பிறகு முடிச்சுகளையெல்லாம் பிரித்துப் புதிதாகப் போட்டாள். மோட்டார்காரர் கோலோடு வந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று, ஒரு குறையும் கிடைக்காத எரிச்சலோடு போனார். அந்த மூன்று நாளும் அக்கா வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் போட்டு அறை வாசலில் வந்தது.

அளக்கிற நாளன்று ஊர் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்தது. மூன்று பேரும் அதற்குள் நடந்தார்கள். நடுக்கிணற்றில் அவள் கயிற்றை விட, அக்கா விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு முடிச்சுகளை எண்ணினாள். கிண்ணம் தண்ணீரைத் தொட்டது. அந்தச் சத்தத்தை அக்கா இவ்வளவு பக்கத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. எண்ணிக்கையைச் சொல்ல மறந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. கோபத்தின் மேல் பனி படிந்த மாதிரி வேறெதோ ஒன்றும் இருந்தது.

"எத்தனைங்க?" என்று செருமினார் மோட்டார்காரர்.

"பத்தொன்பதே முக்கால்" என்றாள் அக்கா. அவர் கோலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவள் தயங்கி நின்றாள். அக்கா அவளைப் பார்க்காமல் சேலையில் ஒட்டிய பாசியைத் தட்டினாள்.

"அவர் வர இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும் உன்கிட்ட பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். எனக்குத்தான் வாய் வலிக்குது" என்றாள். "அடுத்த கிணறு எந்தப் பக்கம்டி?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அக்கா முன்னால் நடந்தாள், வழி தெரியாமலேயே, வேகமாக.