வெள்ளிக்கிழமை மட்டும் நின்ற சர்வர்

புதுச்சத்திரம் கோழித்தீவன மில்லில் நான் தனியாக வேலை பார்த்த முதல் வெள்ளிக்கிழமையே சர்வர் நின்றது. அதற்கு முன் அதைப் பார்த்துக்கொண்டது என் அண்ணன் செந்தில். பைக் விபத்தில் போய்விட்டான். பத்தாவதோடு நின்ற எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவன். அவன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

சர்வர் நின்றால் எடைமேடையில் பில் வராது. லாரிகள் வரிசைகட்டி நிற்கும்.

"ஏம்மிணி, உம்பொட்டிக்கு வெள்ளிக்கெழம வெரதமா?" என்று டிரைவர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளியும் நின்றது. அதற்கடுத்ததும். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடியது. முதலாளி கூப்பிட்டார்.

"உங்கண்ணன் வேலைய உடறேன்னு சொல்லிட்டிருந்தான். உள்ள ஏதாச்சும் செஞ்சு வெச்சுட்டானா?"

"எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க."

"அப்பறம் ஏன் நாள் பாத்து நிக்குது? இந்த வாரமும் நின்னா சேலத்துல இருந்து ஆள வரச்சொல்லி எல்லாத்தையும் அழிச்சுப்போடுவேன்."

அழித்துவிட்டால் செந்தில்தான் கெடுத்தான் என்ற பேச்சு அப்படியே நிலைத்துவிடும்.

எனக்கும் சந்தேகம் இருந்தது, வேறு ஆள் மேல். அந்த சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை. ஒன்று யுபிஎஸ்ஸில், ஒன்று நேர் லைனில். ஒன்று போனால் இன்னொன்று ஓட்டும். ஒரு டிஸ்க் போனாலும் அதே டேட்டா இன்னொன்றில் இருக்கும். மெமரியில் வரும் சின்னத் தப்பை அதுவே திருத்திக்கொள்ளும். இப்படிப்பட்டது தானாக நிற்குமா? யாரோ கை வைக்கிறார்கள். பில் போடும் ராசு அண்ணன் வெள்ளிக்கிழமை காலையில் சர்வர் ரூமுக்குள் தனியாகப் போவார். வெளியே வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அந்த வெள்ளி, சர்வர் வைத்திருக்கும் இரும்பு ரேக்கின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். முன்பக்கம் நான் போவதில்லை. அதன் வலைக்கதவில் அண்ணன் படத்தை மாட்டியிருந்தார்கள். அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

ராசு அண்ணன் வந்தார். முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஒயர் எதையும் தொடவில்லை. போய்விட்டார்.

பிறகு ஃபேன் சத்தம் ஏறியது. பின்னால் கை வைத்தேன். அனல். பில் ஸ்கிரீன் மெதுவானது. சூடு கூடினால் சர்வர் முதலில் வேகத்தைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கப் பார்க்கும். அப்படியும் அடங்காவிட்டால், உள்ளே எதுவும் கருகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் குளிர்ந்த காற்று உள்ளே போகவில்லை. சர்வர் காற்றை இழுப்பது முன்பக்கத்தில்.

எழுந்து முன்னால் போனேன்.

படத்தின் மேல் கதவை அடைத்துக்கொண்டு ஈரம் காயாத சம்பங்கி மாலை. மறுநாள் வாடிச் சுருங்கினால் காற்றுக்கு வழி கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் கிடைக்காது.

மாலையையும் படத்தையும் கழற்றினேன். ஃபேன் சத்தம் மெல்ல இறங்கியது. பில் ஓடியது.

ராசு அண்ணன் வந்து பார்த்தார். "ஏஞ்சாமி கழட்டிப்போட்டே? வாராவாரம் நாமக்கல்ல சொல்லி வெச்சுக் கட்டியாறேன்."

"காத்து போற வழிங்கண்ணா அது. அதனாலதான் நின்னிருக்குது."

என் கையிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டார். "இதுக்கு முன்னாடி எதையும் வெக்காதீங்கன்னு கத்துவான். அவனையே வெச்சு அடச்சுப்போட்டனே."

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். படம் இப்போது எதிர்ச்சுவரில் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சர்வர் நின்றால் ஆளைத் தேடாதீர்கள். முதலில் முன்பக்கம் போய்ப் பாருங்கள். நான் போகாமல் இருந்த இடம் அது ஒன்றுதான்.