வெள்ளி வீரனும் செலாயாங் வெந்நீரும்

வெள்ளி வீரனின் இரண்டாம் பாகம் திரைக்கு வந்த மாதத்தில், பிரிக்பீல்ட்ஸ் அரசாங்கக் குவாட்டர்ஸில் எங்கள் வரிசையில் அதைப் பார்க்காதவர்கள் இருவரே: பக்கத்து வீட்டில் அப்போதுதான் பிறந்திருந்த குழந்தை, அதைப் பெற்றுப் படுத்திருந்த தாய். மற்ற அனைவரும் பார்த்துவிட்டோம். பார்த்ததோடு நில்லாமல் அதைப் பற்றிச் சண்டையும் போட்டோம்.

ஹாங்காங்கில் எடுத்து, தமிழில் குரல் சேர்த்து, கோலாலம்பூருக்கு அனுப்பப்பட்ட படம் அது. உதடுகள் ஒன்றைச் சொல்லி முடித்த பிறகும் குரல் இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். வெள்ளி வீரன் ஒரு கையால் ரயிலை நிறுத்துவான்; மறு கையால் நாயகியின் குடையைப் பிடிப்பான். அவனுடைய உடை, கோழியைச் சுற்றி வேகவைக்கும் வெள்ளித்தாளைப் போலிருப்பதாக அம்மா சொல்வார். அப்படிச் சொன்ன நாள்களில் அண்ணன் அம்மாவிடம் பேசமாட்டான்.

ஆனால் எங்கள் வீட்டில் வெள்ளி வீரனுக்கு வாய்த்த முதல் ரசிகர் அண்ணன் அல்லன், அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது காலின் வலுவை எடுத்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பிலிருந்து பூட்ஸ் வரை இறங்கும் இரும்புச் சட்டம் ஒன்றும், ஊன்றுகோல் ஒன்றும் அவருக்குத் துணை. அந்த இரும்பு பேசும். அத்தை வருகிறார் என்பதை நடைவழியின் மறுகோடியிலிருந்தே அது அறிவித்துவிடும். நாங்கள் கதைப்புத்தகத்தை மறைத்துப் பள்ளிப் புத்தகத்தை விரிப்பதற்குப் போதிய அவகாசம் கிடைக்கும். வெள்ளி வீரனால் கப்பலைத் தூக்க முடியுமா, காலிக் கப்பலையா சரக்குக் கப்பலையா என்பன போன்ற வழக்குகளில் அத்தையின் தீர்ப்பே இறுதியானது.

அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று முடித்திருந்தார். கிள்ளானில் கப்பல் சரக்குகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகம் அவரைத் தேர்ந்தெடுத்து, எப்போது வந்து சேர்வீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்ல முடியாமல் இருந்ததற்குக் காரணம் பெரியப்பா. எங்கள் வீட்டில் மூத்தவர், அரசாங்க அலுவலகமொன்றில் தலைமை எழுத்தர். அவர் கொடுமைக்காரர் அல்லர், சிக்கலே அதுதான். கொடுமைக்காரராக இருந்திருந்தால் அத்தை சண்டை போட்டு ஜெயித்திருப்பார். பெரியப்பாவோ கண்கலங்கப் பேசுவார்.

“கிள்ளான் பஸ்ஸுல படி எவ்ளோ உசரம் தெரியுமா பாப்பா? நானே தொங்கிட்டுதான் போவேன். விழுந்து கிழுந்து வெச்சா? நம்ம வீட்டுல சோறு இல்லையா என்ன?”

“சோறு இருக்குண்ணே. நான் சோறு கேக்கலையே.”

பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அத்தை எழுந்து போவார். இரும்பு மட்டும் நடைவழி நெடுகப் பேசிக்கொண்டு போகும். விஷயம் இப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் இரண்டாம் பாகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்குக் குடும்பமாகப் போனோம். படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே வில்லன் மலையுச்சியிலிருந்து உருட்டிய பாறை வெள்ளி வீரனின் கால்மேல் விழுந்தது. அடுத்த காட்சியில் அவன் காலில் இரும்புச் சட்டம். அரங்கமே “ஐயோ” என்றது. அத்தை மட்டும் இருக்கையின் நுனிக்கு வந்தார்.

“அட, நம்ம ஆளு!”

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வெள்ளி வீரன் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். இனி நான் யாருக்கும் பயன்படமாட்டேன் என்றான். நாயகி கஞ்சியை அவனுக்கு ஊட்டினாள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“கால்லதானே அடி? கையுமா போச்சு? கரண்டியப் பிடிக்க என்னவாம் இவனுக்கு?”

“சும்மா இரு பாப்பா. பாவம் அவன்” என்றார் பெரியம்மா.

அதன் பிறகு அத்தை ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். கஞ்சி குடிக்கும்போது இடது காலில் இருந்த இரும்பு, நிலவைப் பார்த்து அழும்போது வலது காலுக்கு மாறியிருந்தது. இருளில் எங்கள் வரிசை முழுவதற்கும் இதை அவர் அறிவித்ததிலிருந்து நாங்கள் யாரும் கதையைப் பார்க்கவில்லை. காலை மட்டுமே பார்த்தோம். அண்ணன் வில்லனின் முழுத் திட்டத்தையும் தவறவிட்டான்.

முடிவில் வெண்தாடி முனிவர் ஒருவர் மலைக்குகையில் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றைக் காட்டினார். வெள்ளி வீரன் மூன்று முறை முழுகினான், நிமிர்ந்து நின்றான், இரும்பைக் கழற்றிப் பள்ளத்தாக்கில் வீசினான். அரங்கம் எழுந்து விசிலடித்தது. அந்தக் கூச்சல் ஒரு கணம் அடங்கிய இடைவெளியில் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

“எறியாதடா! அது என்ன வெலன்னு தெரியுமா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் சிரித்தபடியே திரும்பினார். அத்தையின் காலைக் கண்டதும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. என்ன செய்வதென்று அறியாமல், கையிலிருந்த கச்சான் கடலைப் பொட்டலத்தை அப்படியே நீட்டி, “சாப்பிடுங்க தங்கச்சி” என்றார். அத்தை நன்றி சொல்லி வாங்கி எங்களுக்கும் பங்கிட்டார்.

அடுத்து வந்த நாள்களில் குவாட்டர்ஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முனையிலிருந்த தோசைக் கடைதான் வழக்காடு மன்றம்.

“ஹீரோவப் போயி யாராச்சும் நொண்டியாக்குவானா? பாதிப் படம் அழுதுட்டே இருக்கான். வேஸ்ட் லா!” இது அண்ணன் கட்சி.

“போடா! அழுதாத்தான் எந்திரிக்கிறப்ப கிக்கு.” இது எதிர்க்கட்சி.

வரிசைக் கோடியில் குடியிருந்த அங்கிள் ஒருவர், உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்பவர், பார்வையில்லாதவர், தாமும் அரங்குக்குப் போய்ப் படத்தைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“இரும்பு மாட்டிக்கிட்டு நடந்தான்னு சொல்றீங்க. சத்தமே வரலையே தம்பி? ஒங்க அத்த வாசல்ல எறங்குனா எனக்கு இங்க கேக்குது. அவன் நடந்தானா, இல்ல யாராச்சும் தூக்கிட்டுப் போனாங்களா?”

இரண்டு கட்சியும் தோசைக்குத் திரும்பின.

மாலையில் திடலில் படத்தை நடித்துப் பார்ப்போம். குணமான வெள்ளி வீரனாக எல்லாரும் வரிசையில் நின்றார்கள். குணமாகாத வெள்ளி வீரனாக ஒருவரும் முன்வரவில்லை. வேலியருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை, “மொதல் பாதிக்கு நான் வரேன். ஆனா அழமாட்டேன்” என்றார்.

அண்ணன் கவலைப்பட்டான். “அழாம வேற என்னதான் செய்வான் அத்த?”

“வேலைக்குப் போவான்.”

இது கதையைக் கெடுத்துவிடும் என்று அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவுக்கு அந்த யோசனை பிறந்தது. படம் பார்த்ததிலிருந்து அவர் அமைதியற்று இருந்தார். ஒருநாள் இரவு உணவின்போது, செலாயாங்கில் சுடுதண்ணி ஊற்று இருப்பதை நினைவுபடுத்தினார். படத்தில் கண்டதைப்போலவே அங்கும் ஆவி வருகிறதாம். யாரோ ஒருவரின் மைத்துனருக்குச் சொறி போயிற்றாம். முத்திரை சரியாக விழாத விண்ணப்பத்தைக்கூடத் திருப்பி அனுப்பும் பெரியப்பா இந்தச் சான்றில் ஒரு குறையும் காணவில்லை.

“மூணு ஞாயித்துக்கெழம முழுகட்டும். மொதல்ல காலு, அப்புறம் வேல. காலு சரியான மறுநாளே கெளம்பட்டும், நானே பஸ் ஏத்தி விடறேன்.”

அத்தை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “சரியாகலன்னா?”

“வாயக் கழுவு!” என்றார் பெரியம்மா. “சரியாகாம எப்படிப் போவும்?”

“அண்ணிக்கு நம்பிக்க இருக்கு. ஒங்களுக்கும் இருக்காண்ணே?”

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல அந்த மேசையில் யாருக்குத் துணிவு வரும்? “இருக்கு, இருக்கு” என்றார் பெரியப்பா.

“அப்ப மூணாவது வாரம் முடிஞ்ச திங்கக்கெழம வரேன்னு கிள்ளானுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்” என்று சொல்லி, அத்தை ரசம் கேட்டார்.

செலாயாங்குக்கு அப்பாவின் நண்பருடைய வேனில் போனோம். விடியற்காலையிலேயே ஊற்றைச் சுற்றிக் கூட்டம் இருந்தது: கைலியோடு முழுகும் மலாய்ப் பெண்கள், சந்தைக்குக் காய்கறி இறக்கிவிட்டு வந்த லோரிக்காரர்கள், வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் சீனக் கிழவர்கள். அவித்த முட்டையைப்போல ஒரு வாடை. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அத்தை இரும்பைக் கழற்றி என் மடியில் வைத்தார். அதைக் காப்பது என் பொறுப்பு. அண்ணன் வெள்ளித்தாளை ஒட்டிச் செய்த அங்கி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தான். குணமானதும் அத்தையின் தோளில் போர்த்துவதற்காக.

பக்கத்திலிருந்த சீனக் கிழவர் மலாய் மொழியில் நலம் விசாரித்தார். தம் முழங்கால் வலிக்காகப் பல வருடங்களாக வருகிறாராம். பெரியம்மா ஆவலோடு, குணமாயிற்றா என்று கேட்டார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் குளித்துவிட்டுப் போனால் நன்றாகப் பசிக்கிறது என்றார் அவர். அத்தை வெந்நீருக்குள் முழுகிச் சிரித்ததில் குமிழிகள் மேலே வந்தன.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரமும் அத்தைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சும்மா காலை நனைத்துப் பார்த்த பெரியப்பாவின் இடுப்புப்பிடிப்பு விட்டுவிட்டது. மூன்றாம் வாரம் அவர் கழுத்தளவு வெந்நீரில் கண்மூடிக் கிடந்தார்.

அந்த வாரம் நான் பிள்ளையாரிடம் உடன்பாடு செய்திருந்தேன்: அத்தை எழுந்து நடந்தால் வருடம் முழுவதும் ஐஸ்கிரீம் தொடமாட்டேன். அத்தை மூன்று முறை முழுகினார். ஆவிக்கு நடுவே கைகளை ஊன்றி, உடலை உயர்த்தி, விளிம்பில் ஏறி உட்கார்ந்தார். அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

“இரும்பக் குடு கண்ணு.”

நான் உரக்க அழுதுவிட்டேன். அண்ணன் அங்கியை மெல்ல மடித்து வேனுக்குள் கொண்டுபோய் வைத்தான். பெரியம்மா இன்னும் சில வாரம் வந்து பார்க்கலாமே என்றார்.

“அதானே,” என்றார் நீருக்குள்ளிருந்து பெரியப்பா. “காலு இன்னும் சரியாகலையே பாப்பா. வேலையக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன?”

அத்தை ஒவ்வொரு விரலிடுக்கையும் துடைத்துவிட்டு வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். “தண்ணிகிட்ட நீங்க பேசுங்கண்ணே. நாளைக்கு வரேன்னு நான் ஆபீஸ்ல சொல்லியாச்சு.”

“சொல்லிட்டியா?”

“அன்னைக்கே சொல்லிட்டேன். ஒங்களக் கேட்டுட்டுத்தானே சொன்னேன்.”

பெரியப்பா நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் பணிக்காலம் முழுவதும் ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாதவர் அவர். சேர்வதாகச் சொல்லிவிட்டுச் சேராமல் போகிறவர்களைப் பற்றி வீட்டில் எவ்வளவு கசப்போடு பேசுவார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்குள் அண்ணனும் தலைமை எழுத்தரும் நெடுநேரம் வாதாடியிருக்க வேண்டும்.

“ஆபீஸ்ல சொன்னா சொன்னதுதான்,” என்றார் கடைசியில். “காலைல மொத பஸ் எப்போ?”

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் குடும்பமே கூடியிருந்தது. அத்தை ஊன்றுகோலை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கம்பியை இரு கையாலும் பற்றி, வலது காலை மேலே வைத்து, இரும்பை ஒரே வீச்சில் தூக்கிப் படியில் வைத்தார். பெரியப்பா இரு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

“மெல்ல ஏறுங்கக்கா,” என்றார் கண்டக்டர். “அங்கிள், நீங்க வரலன்னா வழிய விடுங்க லா!”

அன்று மாலை வியர்வையில் நனைந்த சட்டையோடு அத்தை திரும்பிவந்தார். தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்வதையும், மேலாளர் தும்மினால் காகிதங்கள் பறப்பதையும், வரும்போது பஸ்ஸில் தூங்கிப்போனதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி இரண்டாம் முறையாகச் சோறு போட்டுக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்து, அழுத தடம் எங்கேனும் இருக்கிறதா என்று அவர் முகத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“என்ன அப்படிப் பாக்குற? மூஞ்சில சோறு ஒட்டியிருக்கா?”

இல்லை என்று தலையாட்டினேன். இவ்வளவு பெரிய துக்கத்தை எங்களுக்காக எத்தனை அழகாக மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று என் பங்குப் பொரித்த மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அத்தை அதையும் மகிழ்ச்சியோடு சாப்பிட்டார்.